துருவிய சீஸ் உதிரியாகவே இருக்க: துருவுவது முதல் ஃப்ரீசர் வரை

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளுக்குச் சீஸ் தோசை வார்க்கலாம் என்று ஃப்ரீசரைத் திறந்தேன். இரண்டு நாள் முன்பு உட்கார்ந்து துருவி வைத்த 400 கிராம் மொசரெல்லா, டப்பாவின் வடிவத்திலேயே செங்கல்லாக இறுகிக் கிடந்தது. மேடையில் தட்டிப் பார்த்தேன். கத்தி முனையால் நெம்பினேன். கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் ஒரு கீறல். அதற்குள் கல்லில் இருந்த தோசை கருகத் தொடங்கியிருந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, அதே ஃப்ரீசரிலிருந்து தன் தேங்காய்த் துருவல் டப்பாவை எடுத்துக் கரண்டியை விட்டார். மணல் போல அள்ள வந்தது.

"தேங்காயை நான் இப்படித்தான் அமுக்கி வெக்கிறேனா? தட்டுல பரத்தி, அது இறுகினப்புறம்தானே டப்பாவுல போடுறேன். உன் சீஸுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"இது பால் சமாச்சாரம் அத்தை, ஒட்டத்தான் செய்யும்னு விட்டுட்டேன்."

"ஒட்டும்னு தெரிஞ்சா இன்னும் ஜாக்கிரதையால்ல இருக்கணும்."

அத்தை சொன்னது பாதி சரி. தட்டில் பரப்புவது மட்டும் போதாது என்பது அடுத்த சில வாரங்களில் தெரிந்தது. தேங்காய்த் துருவல் பரப்பும்வரை உதிரியாகவே இருக்கும். சீஸ் துருவி முடிப்பதற்குள்ளேயே ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. சீஸ் கட்டியாவது டப்பாவுக்குள் போனபிறகு நடப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் துருவும் அந்தப் பத்து நிமிடத்திலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் டப்பாவைவிடத் துருவியின் பக்கம்தான் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

ஒட்டுவதற்கு என்ன காரணம்

வீட்டு நெய்யை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் மணல் மணலாக உறைந்திருக்கும். சித்திரையில் அதே நெய் எண்ணெய் போல ஓடும். சீஸில் இருப்பதும் அதே பால் கொழுப்புதான். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் அதில் பெரும்பகுதி கெட்டியாக இருக்கும். 32 டிகிரி அடுப்படியில் பெரும்பகுதி இளகிவிடும். இளகிய கொழுப்பு துருவலின் மேல் மெல்லிய பூச்சாகக் கசியும். பக்கத்துத் துருவலில் படும். மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் போனதும் அப்படியே உறையும். இரண்டு துருவலும் அதோடு ஒன்றாகிவிட்டன.

அடுத்தது ஈரம். இது வகைக்கு வகை மாறும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி செடார் சீஸில் ஈரம் 39 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதப்படுத்திய சீஸில் 47 சதவீதம் வரை, பீட்சா சீஸில் 54 சதவீதம் வரை, மொசரெல்லாவில் 60 சதவீதம் வரை இருக்கலாம். ஈரம் ஏற ஏற ஒட்டலும் ஏறும். ஃப்ரீசரில் அந்த ஈரமே பனியாகித் துருவல்களைப் பிணைத்துவிடும்.

மூன்றாவது அழுத்தம். 400 கிராமை ஒரே டப்பாவில் குவித்தால் அடியில் இருப்பவை மேலே இருப்பவற்றின் கனத்தைச் சுமக்கின்றன. மூடி பொருந்தவில்லை என்று உள்ளங்கையால் நாமும் ஓர் அழுத்து அழுத்துகிறோம். கொழுக்கட்டை பிடிப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இளக்கம், ஈரம், அழுத்தம். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றையாவது குறைப்பதற்குத்தான்.

எதைத் துருவி வைக்கலாம், எதை வேண்டாம்

பீட்சாவுக்கென்று கட்டியாக, ஈரம் குறைத்து விற்கும் மொசரெல்லா, செடார், கௌடா ஆகியவை துருவி வைக்கத் தோதானவை. கட்டியை விரலால் அழுத்தினால் லேசாக எதிர்க்க வேண்டும். விரல் பதிந்து அப்படியே நின்றால் அது மென்மையான வகை. துருவி வைத்தால் தொல்லைதான்.

தண்ணீரில் மிதக்கும் உருண்டை மொசரெல்லாவை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அதை அன்றைக்கே கையால் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுவிட வேண்டும்.

கடைகளில் அதிகம் விற்பது க்யூபாகவும் கட்டியாகவும் வரும் பதப்படுத்திய சீஸ். கொழுப்பும் நீரும் பிரியாமலிருக்க அதில் குழம்பாக்கும் உப்புகள் சேர்த்திருப்பார்கள். அதனால் அது துருவும்போது உதிராமல் பசை மாதிரி இழுக்கும். கொஞ்சமாகத் தேவையென்றால் அப்போதைக்கப்போது ஒரு க்யூபைத் துருவிக்கொள்வதே நல்லது. அதற்காக ஒரு பெரிய ஏற்பாடு செய்வது வீண் என்பது என் எண்ணம். செய்தே ஆக வேண்டுமென்றால் மற்றவற்றைவிட இன்னும் கெட்டியாகக் குளிரவைத்துத் துருவுங்கள்.

பார்மேசான் போன்ற காய்ந்த சீஸ் பொடியாகவே விழும். அதற்கு இத்தனை பாடு தேவையில்லை. ஈரம் படாத சின்ன டப்பா போதும்.

முதல் வேலை: கட்டியைத் துடைத்து, குளிரவைப்பது

பாக்கெட்டைப் பிரித்ததும் கட்டியைக் கையால் தடவிப் பாருங்கள். மொசரெல்லாவாக இருந்தால் மேலே மெலிதாக ஒரு நீர்ப்பசை இருக்கும். கிச்சன் டவல் காகிதத்தில் நாலு பக்கமும் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். இந்த ஒரு நிமிட வேலையை நான் முதலில் மதிக்கவில்லை. பிறகு ஒரே கட்டியைப் பாதியாக்கி, ஒரு பாதியைத் துடைத்தும் மறு பாதியைத் துடைக்காமலும் துருவிப் பார்த்தேன். துடைக்காத பாதி துருவியின் ஓட்டைகளிலேயே அப்பிக்கொண்டது.

துடைத்த கட்டியை ஒரு சின்ன டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். 200 கிராம் கட்டி என்றால் செடாருக்கு 15 முதல் 20 நிமிடம், மொசரெல்லாவுக்கு அரை மணி, பதப்படுத்திய சீஸுக்கு 40 நிமிடம். இது என் வீட்டு ஃப்ரீசரின் கணக்கு. உங்களுடையதில் ஐந்து நிமிடம் முன்பின் ஆகலாம். வெளிப்புறம் நன்றாக விறைத்து, நடுவில் கத்தி இறங்குகிற பதம்தான் வேண்டும். மறந்துபோய் ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் கல்லாகிவிடும். துருவினால் இழையாக வராமல் தூளாகக் கொட்டும். அப்படி ஆகிவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றி, இளகிப் பதம் வந்ததும் துருவுங்கள்.

கட்டியோடு சேர்த்துத் துருவியையும் துருவல் விழப்போகும் எவர்சில்வர் தட்டையும் ஃப்ரீசருக்குள் வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும். மூன்றும் சொட்டு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரத் தட்டை வைத்தால் பனி படர்ந்துவிடும், கையும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வேலை: துருவுவது

மின்விசிறி ஓடும் அறை, அடுப்பு அணைந்திருக்கும் நேரம். இரண்டும் கிடைத்தால் நல்லது. நான் காலை ஆறரை மணிக்குச் செய்கிறேன். குக்கர் மூன்று விசில் விட்டு முடித்த அடுப்படியில், ஆவி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது துருவினால் முன்பு செய்த அத்தனை வேலையும் போச்சு.

துருவியில் பெரிய ஓட்டைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேரட் அல்வாவுக்குத் துருவுகிற அதே பக்கம். மெல்லிய ஓட்டையில் துருவினால் பார்க்க அழகாகப் பஞ்சு போல இருக்கும், ஆனால் துருவல் எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு மேற்பரப்பு கூடும். மேற்பரப்பு கூடினால் ஒட்டுவதற்கு இடமும் கூடும். அதேபோல இழை நீண்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கட்டியின் நீளமான பக்கத்தை விட்டுவிட்டு, குறுகலான முனையைத் துருவியில் வைத்துத் தேய்த்தால் இழைகள் குட்டையாக விழும். தோசைக்கும் சாண்ட்விச்சுக்கும் குட்டை இழையே வசதி, சீராகப் பரவும்.

துருவியில் எண்ணெய் தடவச் சிலர் சொல்வார்கள். தேய்ப்பது லேசாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒட்டலுக்குக் காரணமே மேலே படியும் கொழுப்பு என்னும்போது, நாமே ஏன் இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும்? நான் தடவுவதில்லை.

கட்டியை வெறும் உள்ளங்கையில் பிடிக்காதீர்கள். நம் கையின் சூடு சும்மா இல்லை; இரண்டு நிமிடத்தில் பிடித்த இடம் குழைந்துவிடும். பாக்கெட் உறையின் ஒரு பகுதியையோ ஒரு துண்டு பட்டர் பேப்பரையோ சுற்றிப் பிடியுங்கள். விரல் நகத்துக்கும் அது பாதுகாப்பு.

எதன் மேல் துருவுகிறோம் என்பதைத்தான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டேன். கிண்ணத்தில் துருவாதீர்கள். கிண்ணத்தில் விழுவது குவியலாகும், குவியலின் உச்சியில் துருவி முட்டும், முட்டினால் அமுங்கும். அகலமான தட்டில் துருவியைச் சாய்த்துப் பிடித்து, ஒரு இடத்தில் விரல் தடிமன் சேர்ந்ததும் தள்ளி அடுத்த இடத்தில் துருவுங்கள். 200 கிராமுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு சரியாக இருக்கும். தாம்பாளம் இருந்தால் 400 கிராம் வரை போகலாம். ஆனாலும் 200 கிராமாகப் பிரித்து, ஒன்றைத் துருவும்போது மற்றதை ஃப்ரீசரிலேயே விட்டுவைப்பது உத்தமம்.

மிக்ஸியில் போட்டுச் சுற்றலாமா என்று கேட்பார்கள். பிளேடு ஜாரில் போட்டால் துருவல் கிடைக்காது. சூடேறி உருண்டையாகத் திரண்டு நிற்கும். துருவும் தட்டு பொருத்திய ஃபுட் பிராசஸர் இருந்தால் சரி. அதிலும் கட்டி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், மேலிருந்து குச்சியால் அமுக்கித் தள்ளக் கூடாது.

மூன்றாவது வேலை: மேல் ஈரத்தை உலரவிடுவது

துருவி முடித்ததும் தட்டை மூடாமல் அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் 20 நிமிடம் வையுங்கள். ஃப்ரிட்ஜின் காற்று வறண்ட காற்று; துருவலின் வெட்டுப்பட்ட முகத்திலிருக்கும் ஈரத்தை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். எடுத்துத் தொட்டால் முன்பைவிடக் கொஞ்சம் காய்ந்தாற்போல இருக்கும். இரண்டு விரல் நுனியால், புட்டு மாவு உதிர்ப்பது போல ஒரு தடவை உதிர்த்துவிடுங்கள்.

20 நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். ஓரம் காய்ந்து கடினமாகிவிடும், பிறகு சரியாக உருகாது. இன்னொன்று, அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜில் வேறு என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்புள்ள எதுவும் வாசனையை இழுக்கும். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாளுக்கென்று வாங்கிய இரண்டு முழம் மல்லிப்பூ மேல் தட்டில் இருந்ததைக் கவனிக்காமல் சீஸைக் கீழே திறந்து வைத்துவிட்டேன். மல்லிகை மணத்தோடு ஒரு பாஸ்தாவைச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு பொருந்தாத கூட்டணி என்று தெரியும்.

மாவு தூவ வேண்டுமா?

கடையில் துருவியே விற்கும் சீஸ் எப்படி இவ்வளவு உதிரியாக இருக்கிறது? பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். கட்டி கட்டாமல் தடுக்கும் பொருள் என்று ஒன்று எழுதியிருக்கும். பெரும்பாலும் செல்லுலோஸ் தூள், 460 என்ற எண்ணோடு. இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு அல்லது மக்காச்சோள ஸ்டார்ச். "மரத்தூளைக் கலக்கிறார்கள்" என்று அவ்வப்போது பரவும் செய்திக்கு மூலம் இந்தச் செல்லுலோஸ்தான். அது எல்லாச் செடிகொடிகளிலும் இருக்கும் நார்ப்பொருள். நாம் தினம் தின்னும் கீரையிலும் இருக்கிறது. தொழிற்சாலையில் மரக்கூழிலிருந்தும் எடுக்கிறார்கள். செரிக்காமல் வெளியே போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பூச்சினால் சீஸ் உருகும்போது ஒன்றாகச் சேர்ந்து வழிவது கொஞ்சம் குறையும் என்பதுதான் அதன் குறை.

வீட்டில் அதற்கு ஈடு கார்ன் ஃபிளவர். மேலே சொன்ன மூன்று வேலையையும் ஒழுங்காகச் செய்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடப் போகிறீர்கள் என்றால் மாவு தேவையே இல்லை. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைக்கவோ, அடிக்கடி திறந்து மூடவோ போகிறீர்கள் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். 200 கிராம் துருவலுக்குத் தலை தட்டி ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம்.

கரண்டியால் ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகும், மீதி ஒட்டும். டீ வடிகட்டி ஒன்றை நன்றாகக் காயவைத்து, அதில் மாவைப் போட்டு, துருவலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து விரலால் தட்டுங்கள். திருநீறு தூவினாற்போல மெல்லப் படியும். பாதி தூவியதும் ஒரு முள்கரண்டியால் துருவலைப் புரட்டிவிட்டு மீதியைத் தூவுங்கள். சரியாகப் படிந்திருந்தால் மாவு கண்ணுக்கே தெரியாது. இழையை எடுத்து விரலில் உரசினால் மட்டும் ஒரு வழவழப்புத் தெரியும்.

கடையில் கேட்கும்போது "சோள மாவு" என்று மட்டும் கேட்காதீர்கள். வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவையும் மஞ்சள் மக்காச்சோள மாவையும் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. சூப் கெட்டியாக்கப் போடும், தொட்டால் கிறீச்சென்று சத்தமிடும் வெண்மையான மாவுதான் வேண்டும். மைதா வேண்டாம்: ஈரம் பட்டால் அதுவே பசை. அரிசி மாவைப் போட்டுப் பார்த்தேன், உருகிய சீஸில் நறநறவென்று பல்லில் பட்டது.

மாவு தூவிய சீஸைச் சாலட் மேல் பச்சையாகப் போட்டால் நாக்கில் சுண்ணாம்பு போல ஒரு ருசி வரும். சூடேற்றும் சமையலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் சாஸில் போட்டால் லாபம்தான். ஸ்டார்ச் இருப்பதால் கொழுப்பு பிரியாமல் சாஸ் வழவழவென்று நிற்கும்; சாஸுக்கான மாவில் அரை ஸ்பூன் குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்கு: ஃப்ரிட்ஜில்

அகலமான, உயரம் குறைந்த டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு மடிப்புக் கிச்சன் டவல் காகிதம், அதன் மேல் துருவல், மேலே இன்னொரு காகிதம். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மூடியை மூடி ஒரு குலுக்குக் குலுக்கினால் உள்ளே சலசலவென்று அசைய வேண்டும். காகிதம் நனைந்திருந்தால் மாற்றுங்கள். சில டப்பாக்களில் இரண்டாவது நாளே மாற்ற வேண்டிவரும்.

கதவுத் தட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்காற்று முதலில் படுவது அங்கேதான். நடுத் தட்டு நல்லது.

ஊறுகாய் ஜாடிக்கு என்ன சட்டமோ அதுவே இதற்கும்: ஈரக் கரண்டி, ஈரக் கை கூடாது. அதைவிட முக்கியமாக, கொதிக்கும் வாணலிக்கு மேலே டப்பாவைச் சாய்த்துத் தட்டாதீர்கள். ஆவி நேராக டப்பாவுக்குள் ஏறும். குழம்பு கொதிக்கும்போது மிளகாய்ப்பொடி டப்பாவை அதன் மேல் பிடித்துக் கொட்டினால் பொடி எப்படிக் கட்டி தட்டும் என்று தெரியுமல்லவா, அதே கதைதான். தேவையானதை ஒரு காய்ந்த கிண்ணத்தில் எடுத்துவிட்டு, டப்பாவை ஃப்ரிட்ஜில் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம் அடுப்புப் பக்கம் போங்கள்.

இப்படி வைத்தால் ஐந்திலிருந்து ஏழு நாள். அதற்கு மேல் நான் நம்புவதில்லை.

இரண்டு மூன்று மாதத்துக்கு: ஃப்ரீசரில்

இங்கேதான் அத்தையின் தேங்காய் வித்தை. தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, துருவலை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அங்கங்கே காகிதம் தெரிய வேண்டும், அவ்வளவு மெலிதாக. ஃப்ரீசரில் வையுங்கள். அரை மணி கழித்து எடுத்து விரலால் ஒருமுறை கலைத்துவிட்டு மறுபடி உள்ளே. மொத்தம் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒவ்வோர் இழையும் தனித்தனியாக உறைந்துவிட்டால், பிறகு ஒன்றாகப் போட்டாலும் ஒட்டாது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசரில் பெரிய தட்டு நுழையாது. டிபன் பாக்ஸ் மூடிகள் இரண்டு மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பரப்பி வையுங்கள். அந்த வகை ஃப்ரீசரில் சுவரெல்லாம் பனி படர்ந்திருக்கும். துருவல் பனியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைந்ததும் சீக்கிரமாக ஜிப்லாக் பைகளில் மாற்ற வேண்டும். இந்த இடத்தில் நிதானம் கூடாது. சென்னை மாதிரி ஊரில் காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த துருவலைத் தொட்டதும் நீராகப் படியும். குளிர்ந்த சொம்பு வேர்ப்பது போலத்தான். பைகளை முன்பே திறந்து தயாராக வைத்துவிட்டு, அப்புறம் தட்டை வெளியே எடுங்கள். ஒரு நிமிடத்தில் வேலை முடிய வேண்டும்.

ஒரு பைக்கு 100 கிராம், அதாவது ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மூன்று தோசைக்கும் ஒரு சாண்ட்விச் சுற்றுக்கும் அது போதும். ஒரே பெரிய பையாக வைத்தால் ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் வெளியே எடுத்து வேர்க்கவிடுகிறோம். பையைப் படுக்கவைத்து, வாயருகே காற்றை மெல்லத் தள்ளி வெளியேற்றி மூடுங்கள். துருவலை நசுக்கிக் காற்றை எடுக்க வேண்டாம். மேலே தேதி எழுதுங்கள். அடுக்கும்போது இதன் மேல் மட்டன் பொட்டலத்தை வைக்காதீர்கள்.

-18 டிகிரியில் கெடுவது என்ற பேச்சில்லை என்றாலும், இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. அதற்குப் பிறகு காய்ந்து, ஃப்ரீசர் வாசனை ஏறிவிடும்.

உறைந்த சீஸ் பழைய சீஸாகத் திரும்பி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் புரத வலையைக் கிழிக்கின்றன. இளகவைத்துப் பச்சையாகத் தின்றால் பொலபொலவென்று இருக்கும். உருகவைக்கும் சமையலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசமே தெரியாது.

எடுத்துப் பயன்படுத்தும்போது

இளகவைக்காதீர்கள். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்கு. தோசை முக்கால் பங்கு வெந்ததும் தீயைக் குறைத்து, உறைந்த துருவலைத் தூவி, மூடி போட்டுவிடுங்கள். ஒரு நிமிடத்தில் உருகிவிடும். மேடையில் வைத்து இளகவிட்டால் துருவல் தண்ணீர் விடும், பீட்சாவின் மாவு நமுத்துப் போகும், மிச்சமானதைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த நாள் செங்கல்தான். வெளியே எடுத்த 100 கிராமில் மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

கரண்ட் போனால்

மணிக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் முதல் விதி, திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் ஃப்ரீசர் வெகுநேரம் குளிரைப் பிடித்துவைக்கும். கரண்ட் வந்தபின் பையைத் தொட்டுப் பாருங்கள். இழைகள் இன்னும் விறைப்பாக, பனியோடு இருந்தால் கவலையில்லை. இளகியும் சில்லென்று இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிச் சீக்கிரம் சமைத்துவிடலாம். குளிரே இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்று தெரிந்தால் குப்பைக்குத்தான். துருவாத செடார் கட்டி அந்த நிலைமையைத் தாங்கும், துருவியது தாங்காது. காற்றும் கையும் பட்ட பரப்பு அதில் பல மடங்கு.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா

கத்தியை எடுக்காதீர்கள், என் கட்டைவிரல் சாட்சி. பையோடு ஃப்ரிட்ஜில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, ஒரு துணியில் சுற்றி, மேடை விளிம்பில் லேசாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். பாதியாவது உதிரும். உதிராத கட்டியை மறுபடி துருவியில் வைத்துத் துருவலாம், அந்தந்த நேரத்துக்கு வேண்டிய அளவு மட்டும். அதுவும் முடியாவிட்டால் கட்டியாகவே ஒயிட் சாஸிலோ மக்ரோனியிலோ போட்டுக் கரைத்துவிடுங்கள், அங்கே உதிரியாக இருந்து என்ன ஆகப்போகிறது. மைக்ரோவேவ் வேண்டாம். ஓரம் உருகி நடு உறைந்தே இருக்கும்.

ஃப்ரிட்ஜில் வைத்தது கட்டியாகி, கூடவே பிசுபிசுப்போ புளித்த வாடையோ பச்சை நீலப் புள்ளியோ இருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். முழுக் கட்டி செடாரில் பூஞ்சை வந்தால் அதைச் சுற்றிலும் கீழேயும் ஓர் அங்குலம் விட்டு வெட்டியெறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். துருவலில் அந்தக் கணக்கு செல்லாது. கண்ணுக்குத் தெரியும் புள்ளி ஒன்று என்றால் தெரியாத இழைகள் டப்பா முழுக்கப் பரவியிருக்கலாம்.

பையின் அடியில் எப்போதும் ஒரு ஸ்பூன் அளவு தூள் தங்கும். இழையாக விழாமல் நொறுங்கியதும் உதிர்ந்த மாவும் கலந்த தூள். அதை அடுத்த பையோடு சேர்க்காதீர்கள், அந்தத் தூள்தான் முதலில் பனி பிடித்துக் கட்டி தட்டும். எங்கள் வீட்டில் அது பிரெட் டோஸ்ட்டின் மேல் மிளகுப்பொடியோடு போய்விடுகிறது. அத்தைக்கும் அதில் ஒரு துண்டு உண்டு.